புருணைக்கு ஜோடியாகப் போகிறவர்களுக்கு: கிளம்புவதற்கு முன்பிருந்து திரும்பி வரும்வரை

போன மாதம் அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே கேட்டாள்: "சித்தி, எங்களுக்கு ஆர்.ஓ.எம். பதிவுத் திருமணம் முடிஞ்சிருச்சு. தாலி கட்டுறது தை மாசம்தான். நடுவுல ஒரு லாங் வீக்கெண்ட் வருது. ரெண்டு பேரும் புருணை போயிட்டு வரலாமா? அங்க சட்டமெல்லாம் ரொம்பக் கடுமைன்னு அம்மா பயமுறுத்துறாங்க."

நானும் என் கணவரும் இரண்டு முறை போய் வந்திருக்கிறோம். ஒரு முறை திருமண நாளுக்கு, இன்னொரு முறை நோன்பு மாதத்தில். அவளுக்கு அன்று அரை மணி நேரம் வாயால் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். புருணை பயப்பட வேண்டிய ஊர் இல்லை, அலட்சியமாகப் போகிற ஊரும் இல்லை. சிங்கப்பூரில் நம் சாங்கி விமான நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பயணம். கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டாம், காசை மாற்ற வேண்டாம். இத்தனை பக்கத்தில் இருப்பதாலேயே பலர் எல்லை தாண்டி ஜொகூர் பாருவுக்குப் போவதுபோல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அங்கே போய் ஜோடிகள் சங்கடப்படுவது பெரும்பாலும் போலீசால் அல்ல. இருவரில் ஒருவருக்குத் தெரிந்த விஷயம் மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதால்தான். அதனால் இதை இருவரும் சேர்ந்து படியுங்கள்.

முதல் படி: நீங்கள் எந்த வகை ஜோடி என்று பாருங்கள்

புருணையின் ஷரியா குற்றவியல் சட்டம் 2014 மே மாதம் முதல் கட்டமாக அமலுக்கு வந்தது. 2019 ஏப்ரல் 3 முதல் முழுமையாக நடப்பில் இருக்கிறது. அதன் பல பிரிவுகள் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியவை. சில எல்லாருக்கும் பொருந்தும். சில பிரிவுகள், முஸ்லிம் ஒருவரோடு சேர்ந்து செய்தால் முஸ்லிம் அல்லாதவரையும் பிடிக்கும். ஆகவே நீங்கள் யார் என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம்.

இருவருமே முஸ்லிம் அல்லாதவர்கள் என்றால், கணவன் மனைவியாகப் போவதில் சிக்கல் எதுவும் இல்லை. ஆர்.ஓ.எம். முடித்து, சடங்கு இன்னும் நடக்காத அக்கா மகள் போன்றவர்களும் சட்டப்படி தம்பதிகள்தான். பதிவும் ஆகாத காதலர்கள் என்றால், தனித்தனி அறை எடுங்கள் என்றுதான் என் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வேன். விடுமுறைக்குப் போய்விட்டு, யார் எப்போது என்ன கேட்பார்களோ என்று வரவேற்பு மேசையைக் கடக்கும்போதெல்லாம் நெஞ்சு படபடக்க வேண்டாம்.

இருவரும் முஸ்லிம் என்றால், தமிழ் முஸ்லிம் தம்பதிகளுக்கு அது பல வகையில் வசதியான ஊர். ஹலால் தேடி அலைய வேண்டாம், தொழ இடம் தேட வேண்டாம். ஆனால் அங்குள்ள ஷரியா விதிகள் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகாத முஸ்லிம் ஆண்களுக்கும், நோன்பு நேரத்தில் பொது இடத்தில் சாப்பிடுகிறவர்களுக்கும் தண்டனை உண்டு. நிக்காஹ் சான்றிதழைக் கையோடு வைத்திருங்கள்.

ஒருவர் முஸ்லிம், மற்றவர் இல்லை என்றால் தயவுசெய்து இங்கே நின்று யோசியுங்கள். மணமாகாத, நெருங்கிய ரத்த உறவில்லாத ஆணும் பெண்ணும் ஒதுக்குப்புறமாகத் தனித்திருப்பதை அங்கே கல்வத் என்கிறார்கள். அது குற்றம். ஜோடியில் ஒருவர் முஸ்லிம் என்றால் மற்றவரும் அதில் மாட்டுவார். சிங்கப்பூரில் சிவில் முறையில் பதிவான கலப்புத் திருமணம் அங்குள்ள ஷரியா பார்வையிலும் திருமணமாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். நெருங்கிய தோழி ஒருத்தி இந்த நிலையில் இருக்கிறாள். அவளிடம் நான் சொன்னது, "வேற ஊருக்குப் போங்கடி, உலகம் பெருசு" என்பதுதான்.

ஒரே பாலின இணையர்களுக்கும் இதே பதில்தான், இன்னும் அழுத்தமாக. 2019ல் உலக அளவில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு மரண தண்டனையை நிறைவேற்றப் போவதில்லை என்று சுல்தான் அறிவித்தார். ஆனால் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. மனம் விட்டு ஓய்வெடுக்கப் போகிற பயணத்துக்கு அது இடமல்ல.

இரண்டாவது படி: காகிதங்கள்

சிங்கப்பூர்க் கடப்பிதழ் இருந்தால் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. கடப்பிதழ் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். புறப்படும் முன் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். இருவரும் தனித்தனியாக நிரப்புங்கள். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கு விதி வேறு. ஜோடியில் ஒருவர் குடிமகன், மற்றவர் நிரந்தரவாசி என்ற வீடுகள் நம்மில் நிறைய. டிக்கெட் எடுத்த பிறகு இதைப் பார்த்துப் பயனில்லை.

நமக்கென்றே உள்ள சிக்கல் பெயர்தான். நம் கடப்பிதழில் கணவர் பெயருக்குப் பின்னால் ‘சன் ஆஃப்’ போட்டு அவர் அப்பா பெயர் இருக்கும். மனைவி பெயருக்குப் பின்னால் ‘டாட்டர் ஆஃப்’ போட்டு அவர் அப்பா பெயர் இருக்கும். கல்யாணமாகி இருபது வருஷம் ஆனாலும் இரண்டு கடப்பிதழுக்கும் பொதுவாக ஓர் எழுத்துகூட இருக்காது. இவர்கள் கணவன் மனைவி என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

எனவே திருமணச் சான்றிதழை எடுத்துச் செல்லுங்கள். இப்போது சான்றிதழ் மின்னிலக்க வடிவில் வருகிறது, சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாக இறக்கிக்கொள்ளலாம். பழைய காகிதச் சான்றிதழ் உள்ளவர்கள் அசலை வீட்டில் வைத்துவிட்டு நல்ல நகலும் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதி இருவர் கைத்தொலைபேசியிலும், ஒரு பிரதி காகிதத்தில் கைப்பையிலும் இருக்கட்டும். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அது பையில் இருந்தது என்ற ஒன்றே எனக்கு அந்த மூன்று நாளும் நிம்மதியாக இருந்தது.

வெளியுறவு அமைச்சின் இணையத்தளத்தில் பயணத்தைப் பதிவு செய்ய இரண்டு நிமிடம் போதும். தலைநகர் பண்டார் ஸ்ரீ பெகாவானில் சிங்கப்பூர்த் தூதரகம் இருக்கிறது. அதன் எண்ணைச் சேமித்து வையுங்கள்.

மூன்றாவது படி: தேதி

இதில்தான் நாங்கள் முதல்முறை தவறினோம். எங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்த பயண முகவர் வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. காலை விமானத்தில் இறங்கி, அறையில் பெட்டியை வைத்துவிட்டு, பசியோடு கடைத்தெருவுக்கு நடந்தோம். மணி பதினொன்றே முக்கால். கண்ணாடிப் பெட்டியில் கறிவேப்பிலை மிதக்க மீன் குழம்பு தெரிகிறது. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கி, குனிந்து எங்களைப் பார்த்து, "டூ ஓ க்ளாக், அக்கா" என்றார். தமிழ்க் குரல். நோட்டை மட்டும் காட்டினால் ஒரு பொட்டலம் கிடைக்கும் என்று என் கணவர் பர்ஸை எடுத்தார். கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டு ஷட்டரை முழுவதும் இறக்கிவிட்டார். தெருவில் இருந்த எல்லாக் கடைகளும் அப்படியே மூடின.

2012 முதல் வெள்ளிக்கிழமை நண்பகல் 12 மணியிலிருந்து 2 மணிவரை எல்லாக் கடைகளும் உணவகங்களும் மூட வேண்டும் என்பது அங்கே விதி. அந்தக் கடைக்காரர் எங்களுக்குச் சோறு தந்திருந்தால் அவர்தான் மாட்டியிருப்பார். எனவே வெள்ளியன்று இறங்கினால் பதினொரு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் சாங்கியிலேயே இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு போங்கள். அந்த இரண்டு மணி நேரம் தூங்குவதற்கு நல்ல நேரம்.

அரசாங்க அலுவலகங்களுக்கு வெள்ளியும் ஞாயிறும் விடுமுறை, சனி வேலை நாள். பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிம் அல்லாதவர்களை வியாழனும் வெள்ளியும் பொதுவாக அனுமதிப்பதில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு என்று போகிறவர்கள் பள்ளிவாசலைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நோன்பு மாதத்தில் போகலாமா? முதல்முறை போகிறவர்களுக்கு வேண்டாம் என்பேன். பகலில் பொது இடத்தில் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, புகைப்பது எல்லாமே குற்றம், முஸ்லிம் அல்லாதவருக்கும்தான். உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, வாங்கிக்கொண்டு அறைக்கு வர வேண்டும். வெயிலில் நடந்துவிட்டு ஒரு மிடறு தண்ணீருக்காகக் காரையோ அறையையோ தேடுவது புதிதாகப் போகிற ஜோடிக்குச் சள்ளை. ஆனால் பழகியவர்களுக்கு அந்த மாதத்தின் சாயங்காலம் வேறெங்கும் கிடைக்காது. நோன்பு திறப்பதை அங்கே சுங்காய் என்கிறார்கள். நாலு மணியிலிருந்தே சந்தையில் புகை எழும்பும். எல்லாரும் வாங்கிப் பொட்டலத்தோடு காத்திருக்க, பாங்கு ஒலித்ததும் ஊரே ஒரே நேரத்தில் பேரீச்சம்பழத்தைக் கடிக்கும்.

நோன்புப் பெருநாளை ஒட்டிப் போக முடிந்தால் போங்கள். பெருநாளுக்கு மறுநாள் தொடங்கி மூன்று நாள் சுல்தானின் அரண்மனையான இஸ்தானா நூருல் ஈமானைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். வெளிநாட்டவரும் போகலாம், விருந்தும் உண்டு. ஜோடியாகப் போகிறவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்: வரிசை இரண்டாகப் பிரியும். ஆண்கள் சுல்தானையும் இளவரசர்களையும் வாழ்த்துவார்கள், பெண்கள் ராணியையும் அரச குடும்பத்துப் பெண்களையும். பல மணி நேரம் பிரிந்திருப்பீர்கள். எங்கே மறுபடி சேர்வது என்று நுழைவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

நான்காவது படி: பெட்டி

பெண்களுக்கு நம் சுரிதார் அந்த ஊருக்கே தைத்தது போல இருக்கும். கை முழங்கைவரை, கால் முழுதும், துப்பட்டா ஒன்று. துப்பட்டா தோளில் கிடக்கும்போது அலங்காரம், பள்ளிவாசல் வாசலில் முக்காடு, குளிரூட்டிய பேருந்தில் போர்வை. சேலை கட்ட ஆசைப்பட்டால் கட்டலாம், ஆனால் இடுப்பும் முதுகும் தெரியாத ரவிக்கையாக எடுத்துச் செல்லுங்கள். நம் தேக்கா கடைத்தெருவில் தைத்த ஆழமான முதுகு வைத்த ரவிக்கையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தாலி, மெட்டி, பொட்டு எதையும் மறைக்க வேண்டியதில்லை. உள்ளூர்ப் பெண்கள் என் தாலிக்கொடியைப் பார்த்து, எத்தனை வருஷம் ஆயிற்று என்று ஆசையாகக் கேட்டார்கள்.

ஆண்கள் முழங்காலுக்குக் கீழ்வரை உள்ள கால்சட்டை போடுங்கள். பள்ளிவாசலுக்கு முழுக் கால்சட்டை. கடற்கரையில் நீச்சல் உடையோடு அலையாதீர்கள். ஹோட்டல் நீச்சல்குளத்தோடு அது நிற்கட்டும்.

மது விற்பனை 1991 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. உணவகத்தில் கிடைக்காது, ராயல் புருணை விமானத்திலும் கிடைக்காது. முஸ்லிம் அல்லாத பெரியவர் ஒருவர் இரண்டு பாட்டில் மதுவும் 12 டின் பியரும் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் இறங்கியதும் சுங்கத்தில் படிவம் நிரப்பி அறிவிக்க வேண்டும். அந்தப் படிவத்தின் பிரதியைத் திரும்பும்வரை பத்திரமாக வையுங்கள். அறைக்குள் மட்டுமே குடிக்க வேண்டும். அறைக்கு உள்ளூர் முஸ்லிம் நண்பர் வந்தால் பாட்டிலை எடுக்கவே எடுக்காதீர்கள், உபசாரம் என்று நினைத்து நீங்கள் நீட்டுவது அவருக்கு வழக்காக முடியலாம். என்னைக் கேட்டால் மூன்று நாள் இல்லாமல் இருந்துவிடுவதே எளிது. தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீரைக் குடித்துக்கொண்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பதைவிட அறைக்குள் அடைந்து குடிப்பதில் என்ன கிடைக்கப்போகிறது?

சிகரெட் கடைகளில் விற்பதில்லை. கொண்டுபோனால் அறிவித்து வரி கட்ட வேண்டும். போதைப்பொருள் விஷயத்தில் நம் ஊர் போலவே மரண தண்டனை. கருத்தடை மாத்திரை போன்ற சொந்தத் தேவைகளை இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள், அங்கே தேடி அலைய வேண்டாம்.

ஐந்தாவது படி: உட்கார்ந்து பேசுங்கள்

பலர் தாண்டிப் போவது இதைத்தான். விமானத்தில் வேண்டாம், வீட்டில், இரண்டு நாள் முன்னதாகப் பேசுங்கள்.

எவ்வளவு நெருக்கம் வெளியில் காட்டுவது என்று முடிவு செய்யுங்கள். கணவன் மனைவி கைகோர்த்து நடப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கட்டிப்பிடிப்பது, முத்தம், தோளில் சாய்வது, மடியில் படுப்பது எதுவும் பொது இடத்தில் வேண்டாம். இது சொல்வதற்கு எளிது. ஆனால் கைப்பழக்கம் நம்மை அறியாமல் வரும். படகு ஆடும்போது என் கணவர் என் இடுப்பைப் பிடிப்பார். அவர் பிடிக்கும்போது நான் சட்டென்று தட்டிவிட்டால் அவர் முகம் வாடும், அந்த நாளே போய்விடும். அதனால் நாங்கள் ஒரு சங்கேதம் வைத்துக்கொண்டோம். "தண்ணி இருக்கா?" என்று நான் கேட்டால், கொஞ்சம் விலகி நில்லுங்கள் என்று பொருள். அவர் கேட்டாலும் அதே. கம்போங் ஆயர் என்ற தண்ணீர்க் கிராமத்தில் படகில் ஏறும்போது ஒரு தடவை, பள்ளிவாசல் முற்றத்தில் படம் எடுக்கும்போது ஒரு தடவை கேட்டேன். அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

சண்டை வந்தால் எங்கே போடுவது என்பதையும் பேசுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. புருணை மக்கள் மிக மெல்லப் பேசுகிறவர்கள், குரலை உயர்த்துவது அங்கே பெரிய அநாகரிகம். நம் வீட்டில் சாதாரணமாக "ஏங்க, மேப்பைப் பாருங்கன்னா!" என்று சொல்வதுகூட அங்கே அடிதடி போலக் கேட்கும். எங்களைப் பார்த்து ஒரு பாட்டி எழுந்து வந்து, என்ன வேண்டும் என்று கனிவாகக் கேட்டார். வழி தேடுகிறோம் என்றோம். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் இன்னும் மறக்கவில்லை.

அரச குடும்பத்தைப் பற்றியும் மதத்தைப் பற்றியும் வெளியில் விமர்சனம் வேண்டாம், தமிழில்கூட. தமிழ் புரிகிறவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள்.

ஆறாவது படி: இறங்கியதும்

டாக்சி குறைவு, நாம் கார் அழைக்கிற கிராப் செயலி கிடையாது. டார்ட் என்ற உள்ளூர்ச் செயலியை இங்கேயே இறக்கிக்கொண்டு போங்கள். கார் ஓட்டத் தெரிந்தால் வாடகைக் கார் இன்னும் வசதி, நம்மைப்போலவே இடது பக்கம் ஓட்டுகிற நாடு. தெம்புரோங் பாலத்தில் ஓட்டிப் போவதே ஓர் அனுபவம். 2020ல் திறந்தது, 30 கிலோமீட்டர் நீளம். கடலும் காடுமாக இரு பக்கமும் ஓடும்.

பணத்துக்கு எதுவும் செய்ய வேண்டாம். 1967ல் போட்ட ஒப்பந்தப்படி அவர்கள் வெள்ளியும் (டாலரைத்தான் சொல்கிறேன்) நம் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. நம் நோட்டை நீட்டினால் வாங்கிக்கொண்டு மீதியை அவர்கள் நோட்டில் தருவார்கள்.

அவசர எண்களை மட்டும் கவனமாக மனப்பாடம் செய்யுங்கள். நமக்கு ஆம்புலன்சும் தீயணைப்பும் 995. அங்கே 995 தீயணைப்புக்கு மட்டும்தான். ஆம்புலன்ஸ் 991, போலீஸ் 993. பதற்றத்தில் விரல் தானாகப் பழைய எண்ணுக்குத்தான் போகும், அதனால் 991ஐ கைத்தொலைபேசியில் ‘அ’ என்ற பெயரில் முதலாவதாகச் சேமித்து வைத்தேன்.

ஏழாவது படி: கை, விரல், வலது பக்கம்

எதிர்ப்பாலினத்தவரிடம் நீங்களாகக் கை நீட்டாதீர்கள். என் கணவர் பழக்கத்தில் ஒரு கடைக்காரப் பெண்ணிடம் கையை நீட்டிவிட்டார். அவர் புன்னகையோடு தன் வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தார். அவமானப்படுத்தும் தோரணை கொஞ்சமும் இல்லை. நாமும் அப்படியே செய்தால் போதும். கைகுலுக்குகிறவர்கள்கூட மெதுவாகத் தொட்டுவிட்டுக் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோவார்கள்.

ஆட்காட்டி விரலால் எதையும் சுட்டாதீர்கள். விரல்களை மடக்கி, வலது கைக் கட்டை விரலை மேலே வைத்துச் சுட்டுவதுதான் அங்கே மரியாதை. கடையில் "அந்தப் பலகாரம்" என்று காட்டும்போதெல்லாம் இது தேவைப்படும். வாங்குவதும் கொடுப்பதும் வலது கையால். இது நமக்கு வீட்டிலேயே பழகியது, அம்மா முதுகில் தட்டிச் சொல்லிக் கொடுத்ததுதான். யாராவது பலகாரம் நீட்டினால் கொஞ்சமாவது எடுங்கள். முடியாவிட்டால் தட்டை வலது கையால் லேசாகத் தொட்டுவிட்டுப் புன்னகையுங்கள், மறுப்பு பண்பாக முடிந்துவிடும்.

மஞ்சள் அரச குடும்பத்தின் நிறம். அரண்மனை நிகழ்ச்சிக்கோ அரச குடும்பத்தார் வருகிற இடத்துக்கோ மஞ்சள் உடை வேண்டாம். கடைத்தெருவில் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

எட்டாவது படி: பள்ளிவாசல்கள்

ஒமார் அலி சைஃபுதீன் பள்ளிவாசல் 1958ல் கட்டி முடிக்கப்பட்டது. தங்கக் குவிமாடம், சுற்றிலும் தேங்கிய நீர், அதில் கல்லால் செய்த அரசப் படகு. ஜாமே அஸ்ர் ஹசனல் போல்கியா பள்ளிவாசல் 1994ல் திறக்கப்பட்டது, அதில் 29 தங்கக் குவிமாடங்கள், இப்போதைய சுல்தான் 29ஆவது சுல்தான் என்பதற்காக. இரண்டையும் பாருங்கள். தொழுகை நேரத்தைத் தவிர்த்துப் போங்கள். வாசலில் கால்வரை மூடும் அங்கி தருவார்கள், செருப்பைக் கழற்ற வேண்டும். தொழுகிறவர் முன்னால் குறுக்கே நடக்காதீர்கள்.

திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு என்று கேமராவோடு போகிற இளம் ஜோடிகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிவாசல் முன்னால் தோளோடு தோள் நின்று எடுங்கள், நெற்றியோடு நெற்றி வைத்து வேண்டாம். தூக்கிச் சுற்றுகிற படங்கள் வேறு ஊரில் எடுத்துக்கொள்ளலாம். நகருக்குப் பக்கத்திலேயே தாசேக் லாமா பூங்காவில் சின்ன அருவி இருக்கிறது, காலை வெளிச்சம் அங்கே அழகாக விழும். பொதுவாகப் பெண்களையும் தொழுகிறவர்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ட்ரோனை அனுமதியில்லாமல் பறக்கவிடாதீர்கள்.

ஒன்பதாவது படி: சாப்பாடும் ஆறும்

ஜோடியாகச் சாப்பிடுவதற்கென்றே ஆன உணவு அம்புயாட். சவ்வரிசி மாவைக் கொதிநீரில் கிளறி வெள்ளைப் பசையாக ஒரு கிண்ணத்தில் வைப்பார்கள். சண்டாஸ் என்கிற, ஒரு முனையில் சேர்ந்த இரட்டை மூங்கில் குச்சியை அதில் விட்டுச் சுழற்றினால் பசை உருண்டையாகச் சுற்றிக்கொள்ளும். அதைப் புளிப்பும் காரமுமான சாற்றில் தோய்த்து மெல்லாமல் விழுங்க வேண்டும். முதல் சுழற்றலில் எனக்கு நூல் நூலாக மேசைவரை வழிந்தது. என் கணவர் குச்சியைச் செங்குத்தாகப் பிடித்து வேகமாகத் திருப்பிக் காட்டினார். ஒரே கிண்ணம், இரண்டு குச்சி. அங்கே பொது இடத்தில் இருவர் நெருக்கமாக உட்கார இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

நாசி காத்தோக் இன்னொன்று: பழுப்புக் காகிதத்தில் சோறு, பொரித்த கோழித் துண்டு, சம்பல், பல இடங்களில் ஒரே வெள்ளி. காத்தோக் என்றால் கதவைத் தட்டுவது. இரவில் வீட்டுக் கதவைத் தட்டி வாங்கியதால் வந்த பெயர் என்கிறார்கள். காடோங் இரவுச் சந்தையில் வாங்கி, ஆற்றங்கரைப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சைவக்காரர்கள் இந்திய உணவகங்களை முதல் நாளே தேடிக் குறித்து வையுங்கள். மலாய்க் கடையில் "கறி இல்லாமல்" என்றால் பெலாச்சான் என்ற இறால் விழுதோடு வரும்.

கம்போங் ஆயர் தண்ணீர் மேல் தூண் நட்டுக் கட்டிய கிராமம். 1521ல் மகெல்லனின் கப்பல்களோடு வந்த பிகாஃபெட்டா இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சின்னப் படகில் ஒரு வெள்ளிக்கு ஆற்றைக் கடக்கலாம். பலகைப் பாதைகள் மக்கள் வீட்டு வாசலை ஒட்டிப் போகும், சன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். மாலையில் நீண்ட மூக்குக் குரங்குகளைப் பார்க்கப் படகு வைத்துக்கொள்ளலாம். உலு தெம்புரோங் காட்டுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கி, முகவர் வழியாகப் போங்கள். நீண்ட படகு, ஏராளமான படிகள், மரஉச்சி நடைபாதை. உடம்பில் ஒட்டாத நீளக் கால்சட்டை போடுங்கள், காட்டுக்கும் நல்லது ஊருக்கும் நல்லது.

பத்தாவது படி: ஏதாவது ஆகிவிட்டால்

யாராவது அதிகாரி நிறுத்திக் கேட்டால் ஒருவர் மட்டும் பேசுங்கள். யார் என்பதை ஐந்தாவது படியிலேயே முடிவு செய்திருங்கள். குரலை இறக்கி, கடப்பிதழையும் சான்றிதழையும் வலது கையால் கொடுங்கள். வாதம் வேண்டாம். நிலையத்துக்கு வரச் சொன்னால், தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பணிவாகக் கேளுங்கள். புரியாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தெரியாமல் செய்த சின்னத் தவறு என்றால், மலாயில் "மின்தா மாஃப்" என்று சொல்லித் தலை தாழ்த்துங்கள். எங்களுக்கு அதற்கு மேல் தேவைப்பட்டதே இல்லை.

கடைசியாக: மீதிக் காசு

திரும்பும்போது பர்ஸில் புருணை நோட்டு மிஞ்சும். மாற்ற ஓட வேண்டாம், இங்கே வங்கியில் அப்படியே சம மதிப்புக்கு வாங்கிக்கொள்வார்கள், பல கடைகளிலும் வாங்குவார்கள். போன தடவை வந்த மறுநாள் தேக்கா சந்தையில் முருங்கைக்காயும் வெண்டைக்காயும் வாங்கிவிட்டு, சுல்தான் படம் போட்ட பத்து வெள்ளி நோட்டை நீட்டினேன். கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "புருணை போனீங்களாக்கா? ரெண்டு பேருமா?" என்று கேட்டுக்கொண்டே மீதியைக் கொடுத்தார், கூடவே ஒரு கொத்து கறிவேப்பிலையும்.